படிச்சா புரியுது... கேட்டா புரியலையே! - முதலாண்டு வகுப்பறையும் ஆங்கிலமும்

காலை எட்டு மணிக்கு வேளச்சேரி - தாம்பரம் சாலையில், பள்ளிக்கரணை பக்கம் நின்றால் கல்லூரிப் பேருந்துகளை எண்ணி முடியாது. ஜெருசலேம் பொறியியல் கல்லூரியும் ஸ்ரீ பாலாஜி பல் மருத்துவக் கல்லூரியும் இந்தச் சாலையை ஒட்டியே இருக்கின்றன. தெற்கே போனால் சேலையூர், தாம்பரம். ரேடியல் ரோடு வழியாகக் கிழக்கே போனால் பழைய மகாபலிபுரம் சாலையின் கல்லூரிகள். வடக்கே கிண்டியில் அண்ணா பல்கலைக்கழகமும் ஐ.ஐ.டி-யும். கடலை ஆராயும் தேசியப் பெருங்கடல் தொழில்நுட்ப நிறுவனம்கூட பள்ளிக்கரணையில்தான் இருக்கிறது.

இந்தப் பேருந்துகளிலும், சுற்றுவட்டாரத்து விடுதிகளிலும் இருக்கிற பிள்ளைகள் எல்லோரும் சென்னைவாசிகள் இல்லை. திருவண்ணாமலை, கள்ளக்குறிச்சி, ராமநாதபுரம், தருமபுரி என்று பல மாவட்டங்களிலிருந்து வந்தவர்கள். அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 2020-ல் மருத்துவப் படிப்பில் 7.5 சதவிகித உள் ஒதுக்கீடு வந்தது. அடுத்த ஆண்டே அது பொறியியல், வேளாண்மை, சட்டம் போன்ற படிப்புகளுக்கும் நீட்டிக்கப்பட்டது. கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. வீட்டில் முதல்முதலாகக் கல்லூரி வாசலை மிதிக்கிற பிள்ளைக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்பதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

இடம் கிடைத்துவிட்டது. கட்டணக் கவலையும் தீர்ந்தது. அதற்குப் பிறகு வருகிற முதல் திங்கட்கிழமை, காலை ஒன்பது மணி வகுப்பில்தான் வேறொரு கஷ்டம் ஆரம்பிக்கிறது. பேராசிரியர் பேசுகிறார். கரும்பலகையில் எழுதுவது புரிகிறது. பேசுவது புரியவில்லை. பக்கத்தில் இருப்பவன் தலையாட்டுகிறான், நாமும் ஆட்டிவிடுகிறோம். ஒரு வாரம் இப்படிப் போனால் சமாளிக்கலாம். ஒரு செமஸ்டரே போனால் அரியர் விழும்.

‘எனக்கு இங்கிலீஷ் வராது’ என்று அந்த மாணவன் முடிவுகட்டுவது இந்த இடத்தில்தான். அது பாதிதான் உண்மை. ப்ளஸ் டூ ஆங்கிலத் தேர்வில் அவன் நல்ல மதிப்பெண் வாங்கியிருப்பான். பாடப் புத்தகத்தைக் கையில் கொடுத்தால், அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படித்துப் புரிந்துகொள்வான். ஏழெட்டு வருடமாக அவன் ஆங்கிலத்தைக் கண்ணால் படித்தான், கையால் எழுதினான். காதுக்கு வேலையே கொடுக்கவில்லை. எழுத்தில் சொற்களுக்கு நடுவே இடைவெளி இருக்கிறது, பேச்சில் கிடையாது. எழுதியதைத் திரும்பப் படிக்கலாம். பேசியது காற்றோடு போய்விடும்.

அணிக்கோவை தெரியும்... ‘டிடெர்மினன்ட்’ தெரியாது!

தமிழ்வழியில் படித்தவர்களுக்கு இன்னொரு சுமையும் உண்டு. அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021-ம் ஆண்டு பாடத்திட்டப்படி முதல் செமஸ்டர் கணக்குத் தாளின் பெயர் ‘மேட்ரிசஸ் அண்ட் கால்குலஸ்’. பேராசிரியர், ‘டேக் தி டிடெர்மினன்ட் அண்ட் ஈக்வேட் இட் டு ஜீரோ’ என்கிறார். மாணவிக்கு அணிக்கோவை என்றால் என்னவென்று மிக நன்றாகத் தெரியும். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டால்கூட மதிப்பு கண்டுபிடித்துச் சொல்வாள். ஆனால், அந்த அணிக்கோவைதான் இந்த ‘டிடெர்மினன்ட்’ என்று அவளிடம் யாரும் சொல்லவில்லை. தெரிந்த பாடமே தெரியாத பாடமாகிவிடுகிறது. வகைக்கெழு ‘டெரிவேட்டிவ்’ ஆகவும், முடுக்கம் ‘ஆக்ஸலரேஷன்’ ஆகவும், உந்தம் ‘மொமென்டம்’ ஆகவும் வேஷம் மாறி வந்து நிற்கின்றன.

இதற்கு ஒரு எளிய வழி இருக்கிறது, காசும் செலவில்லை. தமிழக அரசின் ப்ளஸ் ஒன், ப்ளஸ் டூ பாடநூல்கள் தமிழ்வழி, ஆங்கிலவழி இரண்டிலும் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. இரண்டிலும் அதே பாடம், அதே படம், அதே கணக்கு. இரண்டையும் அருகருகே திறந்துவைத்து, தான் ஏற்கெனவே தமிழில் கரைத்துக் குடித்த பாடத்தின் ஆங்கிலப் பக்கத்தைப் படித்துக்கொண்டே போகலாம். ரிசல்ட் வந்து கல்லூரி திறப்பதற்குள் கிடைக்கிற இடைவெளி இதற்குத் தாராளம். ஒரு பாடத்துக்கு இருபது முப்பது கலைச்சொற்கள்தான் இருக்கும். ஒவ்வொரு சொல்லையும் செல்போன் அகராதியில் தேடி, ஒலிபெருக்கிக் குறியைத் தொட்டு, உச்சரிப்பைக் கேட்டுவிட வேண்டும். இந்தக் கடைசி வேலையைப் பலரும் செய்வதில்லை. எழுத்தைப் பார்த்துத் தாமாகவே ஒரு உச்சரிப்பை மனதில் வைத்துக்கொள்கிறார்கள். வகுப்பில் சரியான உச்சரிப்பு வரும்போது, அது வேறு ஏதோ சொல் என்று காது விட்டுவிடுகிறது.

ஒரு ஆறுதலும் உண்டு. அதே கணக்குத் தாளில் வரும் ‘ஐகன் வேல்யூ’ ஆங்கிலவழியில் படித்து வந்தவனுக்கும் புதிதுதான். ‘ஐகன்’ ஆங்கிலமே இல்லை. ‘சொந்தமான’ என்று பொருள் தரும் ஜெர்மன் சொல். அந்த ஒரு வகுப்பிலாவது எல்லோரும் ஒரே கோட்டில் நிற்கிறார்கள்.

பேஸ், பேஸ், ஃபேஸ், ஃபேஸ்!

டிரான்சிஸ்டருக்கு ஒரு ‘பேஸ்’ உண்டு. வேதியியலில் அமிலத்துக்கு எதிரே நிற்பதும் ‘பேஸ்’. நடையின் வேகமும் ‘பேஸ்’. மூன்று இணைப்பு மின்சாரத்தில் வருவது ‘ஃபேஸ்’, முகமும் ‘ஃபேஸ்’. கிராமத்துப் பேச்சில் இவை எல்லாமே ‘பேஸ்’தான். தமிழில் ‘ப’ என்ற ஒரே எழுத்து, இடத்துக்கு ஏற்ப ஒலியை மாற்றிக்கொள்கிறது. ‘பல்’ என்னும்போது ஓர் ஒலி, ‘கம்பு’ என்னும்போது வேறோர் ஒலி. அதனால் இந்த இரண்டு ஒலிகளையும் தனித்தனியாகக் கவனிக்கும் வேலை தமிழ்க் காதுக்கு வந்ததே இல்லை. நம்மில் பலர் ‘சிம்பிள்’ என்று சொல்லும்போது, நடுவில் வரும் ஒலி ‘கம்பு’வில் வருகிற ஒலியாகவே இருப்பதும் இதனால்தான். காதில் கோளாறு எதுவும் இல்லை. பழக்கம்தான் காரணம், பழக்கினால் மாறும்.

ஆசிரியர்களின் உச்சரிப்பும் ஊருக்கு ஊர் மாறும். வங்காளத்துப் பேராசிரியர் சொல்கிற ‘வெக்டர்’ சில சமயம் ‘பெக்டர்’ என்று விழும். இதில் தமிழர்கள் ஒன்றும் சளைத்தவர்கள் இல்லை. நம் ஊர்ப் பேராசிரியர் ‘யெம் பை யென்’ என்று சொல்லும்போது, பீகாரிலிருந்து வந்து பள்ளிக்கரணையில் படிக்கிற பையன் திருதிருவென்று விழிப்பான். அவனும் ஒரு மாதத்தில் பழகிவிடுகிறான். ஒருவரின் பேச்சை எவ்வளவு நேரம் கேட்கிறோமோ அந்த அளவுக்குக் காது அவருக்குப் பழகிவிடும். முதல் இரண்டு வாரம் புரியாததை வைத்துத் தன்னைத்தானே எடைபோட்டுக்கொள்வது அவசரம்.

இந்திய ஆசிரியர்களின் ஆங்கிலம் ஒருவகையில் நமக்குச் சுலபம். ஒவ்வோர் அசையையும் ஓரளவு முழுதாகச் சொல்வார்கள். அமெரிக்கர்களும் பிரிட்டிஷ்காரர்களும் முக்கியமான சொல்லை அழுத்திவிட்டு, மற்றவற்றை விழுங்கிவிடுவார்கள். ‘வாட் ஆர் யூ கோயிங் டு டூ’ என்பது ‘வாட்ச கொனா டூ’ ஆகிவிடும். ‘கேன்’ என்பது ‘கன்’ என்று தேய்ந்துபோகும். ‘கேன்’ என்று முழுதாக, அழுத்தமாகக் கேட்டால் அது பெரும்பாலும் ‘கான்ட்’. கடைசி எழுத்து அவர்கள் வாய்க்குள்ளேயே நின்றிருக்கும். முடியும் என்பதற்கும் முடியாது என்பதற்கும் நடுவே இவ்வளவுதான் வித்தியாசம்.

மின்விசிறிக்கும் இதில் பங்கு உண்டு

இந்தச் சிக்கல் தமிழ்நாட்டுக்கு மட்டும் உரியதல்ல. கான்டனீஸ் மொழி பேசும் ஹாங்காங் மாணவர்கள் ஆங்கில விரிவுரைகளில் எங்கே தடுமாறுகிறார்கள் என்று ஜான் ஃப்ளவர்டியூ, லிண்ட்சே மில்லர் என்ற இரு ஆய்வாளர்கள் 1992-ல் வெளியிட்ட ஆய்வு இந்தத் துறையில் பேர்போனது. மாணவர்கள் சொன்ன காரணங்கள்... பேச்சின் வேகம், புதிய கலைச்சொற்களும் கருத்துகளும், கவனம் நிலைக்காமல் போவது, வகுப்பறைச் சூழல். முப்பது ஆண்டுகளுக்கு முன் ஹாங்காங்கில் சொன்னதைத்தான் இன்றைக்குப் பள்ளிக்கரணை விடுதியிலும் சொல்வார்கள்.

வகுப்பறைச் சூழல் என்பதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. ஆங்கிலத்தில் ‘ஸ்’, ‘ஃப்’, ‘த்’ போன்ற மெல்லிய மெய்யொலிகள்தான் சொல்லுக்குச் சொல் வித்தியாசம் காட்டுபவை. அவற்றுக்கு ஒலி வலிமை குறைவு. தலைக்கு மேலே சுற்றும் மின்விசிறியின் சத்தம், ஜன்னலுக்கு வெளியே ஹாரன், பின்வரிசைக் கிசுகிசு எல்லாம் முதலில் விழுங்குவது இவற்றைத்தான். தாய்மொழியாக இருந்தால் மூளை அந்த ஓட்டையை இட்டு நிரப்பிக்கொள்ளும். இரண்டாம் மொழியில் அது அவ்வளவு எளிதில் நடக்காது. ஆகவே, முதல் இரண்டு வரிசைக்குள் இடம் பிடிப்பதை ‘படிப்ஸ்’ என்று கிண்டல் செய்தாலும் கண்டுகொள்ள வேண்டாம். பேசுபவரின் உதட்டைப் பார்க்க முடிவதே பாதி உதவி.

அதே மாணவர்கள் எப்படிச் சமாளித்தார்கள் என்பதும் அந்த ஆய்வில் இருக்கிறது. வகுப்புக்கு முன்பும் பின்பும் பாடத்தைப் படித்தது அதில் முக்கியமானது. பள்ளியில் வகுப்பு முடிந்த பிறகு படித்த பழக்கத்தைக் கல்லூரியில் தலைகீழாக மாற்ற வேண்டும். நாளைக்கு நடக்கப்போகிற நான்கு பக்கத்தை இன்றிரவு பத்து நிமிடம் மேலோட்டமாகப் பார்த்துவிட்டுப் போனால், வகுப்பில் காது தெரிந்த சொல்லைத் தேடும். தெரிந்ததைத் தேடுகிற காதுக்கு அது கிடைத்துவிடும்.

எல்லாச் சொல்லையும் பிடிக்க வேண்டாம்

பிரிட்டிஷ் ஆங்கிலத்தின் வேகத்தை அளந்து டௌரோசா, அலிசன் என்ற இருவர் 1990-ல் ஒரு கணக்கு சொன்னார்கள். விரிவுரையில் நிமிடத்துக்குச் சுமார் 140 சொற்கள். சாதாரண உரையாடலில் சுமார் 210. விரிவுரைக் கணக்கை வைத்துப் பார்த்தால், 50 நிமிட வகுப்பில் ஏழாயிரம் சொற்கள். அத்தனையையும் பிடிக்க நினைப்பதுதான் பெரும்பாலானோர் செய்கிற தவறு. ஒரு சொல்லை விட்டுவிட்டோமே என்று அதையே யோசித்துக்கொண்டிருக்கும்போது அடுத்த மூன்று வாக்கியங்கள் போயிருக்கும். போனது போகட்டும், அந்த இடத்தில் நோட்டில் ஒரு கோடு போட்டுவிட்டு அடுத்ததைக் கேட்க வேண்டும்.

கேட்க வேண்டியது பாடத்தின் எலும்புக்கூட்டை. நம் பேராசிரியர்களிடம் அதற்கான சிக்னல்கள் ஏராளம். ‘ஓகே’ என்று நிறுத்தி மூச்சுவிட்டால் ஒரு பகுதி முடிந்தது. ‘நவ்’ என்று ஆரம்பித்தால் அடுத்தது வருகிறது. ‘தட் இஸ்’, ‘இன் அதர் வேர்ட்ஸ்’ என்றால் சற்றுமுன் சொன்னதையே வேறு மாதிரி சொல்லப்போகிறார் என்று அர்த்தம். முதல் முறை விட்டவர்களுக்கு அது இரண்டாவது வாய்ப்பு. ‘பட்’, ‘ஹவ்எவர்’ வந்தால் காதைத் தீட்டிக்கொள்ள வேண்டும். ‘பை த வே’ என்றால் பேனாவைக் கீழே வைக்கலாம், பெரும்பாலும் தன் கல்லூரிக் காலத்துக் கதைதான். சொன்னதையே மெதுவாக இரண்டு முறை சொன்னாலோ, கரும்பலகையில் கட்டம் கட்டினாலோ அது பரீட்சைக்கு வரும் என்பதைச் சொல்லித்தர எந்த மொழியும் தேவையில்லை.

மேலே உள்ள கணக்கை இன்னொரு முறை பார்த்தால் ஒரு விஷயம் இடிக்கும். வகுப்பைவிட அரட்டைதான் வேகம்! கேன்டீனில் நான்கு பேர் ஆங்கிலத்தில் பேசிக்கொண்டால் அதில் புகுந்துகொள்வது, வகுப்பைக் கவனிப்பதைவிடக் கடினம். பலகை கிடையாது, புத்தகம் கிடையாது, யார் எப்போது பேசுவார்கள் என்பதும் தெரியாது. ‘அவங்க சிரிக்கிறப்போ நான் மட்டும் ஒரு செகண்ட் லேட்டா சிரிக்கிறேன்’ என்கிற கூச்சத்தில் ஒதுங்கிப்போகிற பிள்ளைகள் தங்களை மக்கு என்று நினைத்துக்கொள்வதுதான் இதில் வேதனை.

துறைத்தலைவர் அறையில் வேறு விதமான குழப்பம். ‘ஒய் டோன்ட் யூ மீட் மீ ஆஃப்டர் லன்ச்?’ என்று அவர் கேட்டதும், ‘ஏன் என்னை வந்து பார்க்கவில்லை?’ என்று எடுத்துக்கொண்டு ‘சாரி சார்’ என்று ஆரம்பிக்கிற மாணவர்கள் உண்டு. அவர் சொன்னது, ‘சாப்பாட்டுக்கு அப்புறம் வந்து பாருங்களேன்’ என்பதுதான். நாமும்தானே ‘வாங்களேன்’, ‘சாப்பிடுங்களேன்’ என்கிறோம்? அதில் ‘ஏன்’ இருந்தாலும் கேள்வி இல்லை. அதேபோல ‘யூ மைட் வான்ட் டு ரீடூ திஸ் ரெக்கார்ட்’ என்றால், விருப்பம் இருந்தால் செய் என்று பொருள் அல்ல. மறுபடி எழுதிக்கொண்டு வா என்ற உத்தரவு, மரியாதை சேர்த்துச் சொல்லப்பட்டிருக்கிறது. எண்களிலும் தேதிகளிலும் கூச்சமே பார்க்கக் கூடாது. ‘ஃபிஃப்டீனா, ஃபிஃப்டியா?’ என்ற சந்தேகம் வந்தால் ‘ஒன் ஃபைவ், சார்?’ என்று அங்கேயே கேட்டுவிட வேண்டும்.

செல்போனே லேப்

‘முப்பதே நாளில் சரளமான ஸ்போக்கன் இங்கிலீஷ்’ என்ற போஸ்டர் இல்லாத மின்கம்பம் சென்னைப் புறநகரில் குறைவு. அதில் பணம் கட்டுவதா வேண்டாமா என்பது அவரவர் விருப்பம். ஆனால், பணம் கட்டும் பெற்றோர் ஒன்றைக் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்... அங்கே வாய்க்கு மட்டும்தான் பயிற்சியா, காதுக்கும் உண்டா?

காதுக்கான பயிற்சி கையிலிருக்கும் செல்போனிலேயே இலவசமாக இருக்கிறது. ஐ.ஐ.டி-க்களும் பெங்களூரு இந்திய அறிவியல் நிறுவனமும் சேர்ந்து 2003-ல் தொடங்கிய என்.பி.டி.இ.எல் திட்டத்தில், பொறியியலின் பெரும்பாலான பாடங்களுக்கும் வீடியோ விரிவுரைகள் உண்டு. பல பாடங்களுக்குப் பேச்சின் எழுத்து வடிவமும் கிடைக்கிறது. தமிழ் மொழிபெயர்ப்பு உள்ளவையும் உண்டு. வங்காளி, தெலுங்கர், மலையாளி, தமிழர் என்று எல்லா ஊர் உச்சரிப்பும் அங்கே இருப்பது கூடுதல் லாபம்.

முழு விரிவுரையையும் ஓடவிட்டுப் படுத்துக்கொண்டே கேட்பதில் பெரிய பயன் இருக்காது. மூன்று நிமிடம் போதும். முதலில் எழுத்துகள் இல்லாமல் கேட்டு, புரிந்ததை நோட்டில் எழுதவும். இரண்டாம் முறை ஒவ்வொரு வாக்கியமாக நிறுத்தி, காதில் விழுந்ததை அப்படியே எழுதவும். பிறகு கேப்ஷனைப் போட்டு ஒப்பிட்டுப் பார்த்தால் எங்கே தவறுகிறது என்று தெரிந்துவிடும். பெரும்பாலும் பெரிய சொற்களில் தவறியிருக்காது. ‘ஆஃப் த’, ‘வுட் ஹேவ் பீன்’ போன்ற சின்னச் சொற்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்ட இடத்தில்தான் தவறியிருக்கும். ஆரம்பத்தில் வேகத்தை 0.75-க்குக் குறைத்துக்கொள்வதில் தப்பில்லை. அதிலேயே தங்கிவிடக் கூடாது. வகுப்பில் பேராசிரியரை யாரும் மெதுவாக ஓடவிட முடியாது.

படம் பார்க்கிறவர்களுக்கு ஒரு சுவாரஸ்யமான தகவல். மிட்டரர், மெக்வீன் என்ற இரு ஆய்வாளர்கள் நெதர்லாந்து மாணவர்களுக்கு ஸ்காட்லாந்து, ஆஸ்திரேலிய உச்சரிப்பில் பேசும் காட்சிகளைப் போட்டுக்காட்டினார்கள். 2009-ல் வெளியான அந்த ஆய்வின்படி, ஆங்கில சப்டைட்டிலோடு பார்த்தவர்களுக்கு அந்த உச்சரிப்பு பின்னர் நன்றாகப் பிடிபட்டது. தங்கள் தாய்மொழி சப்டைட்டிலோடு பார்த்தவர்களுக்கு அது உதவவில்லை. புதிய வாக்கியங்களைக் கேட்டபோது இடைஞ்சலாகவே இருந்தது. கதை புரிய வேண்டும் என்றால் தமிழ் சப்டைட்டில் போட்டுக்கொள்ளலாம். காது பழக வேண்டும் என்றால் ஆங்கிலத்துக்கு ஆங்கில சப்டைட்டில்தான்.

வெளிநாட்டுப் படிப்புக்குப் போகிறவர்களுக்கு இந்தத் திறமை தேர்வாகவே வருகிறது. ஐ.இ.எல்.டி.எஸ் தேர்வின் கேட்டல் பகுதியில் சுமார் 30 நிமிடம், 40 கேள்விகள். ஒவ்வொரு ஒலிப்பதிவும் ஒரே ஒரு முறைதான் ஒலிக்கும். மூன்றாம் பகுதி மாணவர்களும் ஆசிரியரும் பேசிக்கொள்வது போன்ற கல்லூரி உரையாடல், நான்காம் பகுதி விரிவுரை. டோஃபலிலும் கல்லூரி உரையாடலும் விரிவுரையும் உண்டு. கேன்டீன், துறைத்தலைவர் அறை, வகுப்பு எல்லாம் அப்படியே வந்துவிடுகின்றன. முதலாண்டிலேயே காதைப் பழக்கியவர்களுக்குக் கடைசி நேரக் கோச்சிங் செலவு பெருமளவு மிச்சம்.

மேடையில் சொல்லாத கதை

முதலாண்டு வரவேற்பு விழாக்களில் இஸ்ரோ முன்னாள் தலைவர் சிவனின் பெயர் தவறாமல் வரும். கன்னியாகுமரி மாவட்டத்தில் அரசுப் பள்ளியில் தமிழ்வழியில் படித்தவர், குரோம்பேட்டை எம்.ஐ.டி-யில் 1980-ல் விமானப் பொறியியல் முடித்தவர். அந்த வளாகம் பள்ளிக்கரணையிலிருந்து அப்படியொன்றும் தூரமில்லை. சொல்லத் தகுந்த உதாரணம்தான். ஆனால், ‘அவரால் முடிந்தது, உன்னாலும் முடியும்’ என்று கைதட்டு வாங்கிக்கொண்டு மேடையைவிட்டு இறங்கிவிட்டால், அடுத்த நாள் ஒன்பது மணி வகுப்பில் உட்காரப்போகிற பிள்ளைக்கு அதனால் என்ன உபயோகம்?

தமிழ்வழிப் பொறியியலே இருக்கிறதே என்று கேட்கலாம். அண்ணா பல்கலைக்கழகம் 2010-ல் சிவில், மெக்கானிக்கல் பிரிவுகளில் அதைத் தொடங்கியது. 2023-ல் சில உறுப்புக் கல்லூரிகளில் நிறுத்தப்போவதாக அறிவித்து, எதிர்ப்பு கிளம்பியதும் அறிவிப்பைத் திரும்பப் பெற்றது. வேலைக்கான நேர்காணல் ஆங்கிலத்தில் இருக்கும்வரை, பெரும்பாலானோர் ஆங்கில வகுப்பில்தான் உட்காருவார்கள்.

அதனால் ஆசிரியர் செய்யக்கூடியதும் இருக்கிறது. முதல் மாதம் மட்டுமாவது, புதிய கலைச்சொல் வரும்போது அதைப் பலகையில் எழுதி, பக்கத்தில் தமிழ்ச் சொல்லையும் எழுதலாம். ஐந்து விநாடி வேலை. பலகையைப் பார்த்துக்கொண்டு பேசாமல், எழுதி முடித்துத் திரும்பிப் பேசினால் பின்வரிசைக்கும் கேட்கும். ‘அண்டர்ஸ்டுட்?’ என்று வகுப்பைப் பார்த்துக் கேட்டால் ‘எஸ் சார்’ என்றுதான் கோரஸாக பதில் வரும். அதற்குப் பதில் ‘இதுவரை சொன்னதைப் பக்கத்தில் இருப்பவருக்கு உங்கள் மொழியில் சொல்லுங்கள்’ என்று இரண்டு நிமிடம் விட்டால், யாருக்குப் புரிந்தது என்பது அவருக்கே தெரிந்துவிடும்.

மாணவர் பக்கம் ஒரே ஒரு பழக்கம். ‘புரியலை சார்’ என்று மொத்தமாகச் சொன்னால், முழுப் பாடத்தையும் திரும்ப நடத்த நேரம் இருக்காது. ‘ஐகன் வேல்யூவுக்கு அப்புறம் ஒரு வார்த்தை சொன்னீங்களே, அது என்ன சார்?’ என்று குறிப்பாகக் கேட்டால் ஒரு நிமிடத்தில் பதில் வந்துவிடும். வகுப்பில் கேட்கத் தயக்கமாக இருந்தால், நோட்டில் கோடு போட்ட இடங்களைக் காட்டி வராந்தாவில் கேட்கலாம். நம் ஊரில் பல பேராசிரியர்கள் அப்போது பதிலைத் தமிழிலேயே ஆரம்பித்துவிடுவார்கள். புரிந்துகொண்ட பிறகு, அதையே ஆங்கிலத்திலும் ஒருமுறை சொல்லச் சொல்லிக் கேட்டுவிட்டு வருவது நல்லது.